சஞ்சனாவின் தோள் அளவு

அல் குசைஸ், துபாய்
வெள்ளி

அன்புள்ள மதுஷா,

நஜீஹா எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரர் ரிபாயும் மகள் இஃப்பத்தும் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

கையால் எழுதி வெகு காலமாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என் வாட்ஸப் கடை லேப்டாப்பிலும் திறந்தே இருக்கும். ஆர்டர் எல்லாம் என் நம்பருக்குத்தான் வருகிறது. உனக்கு நான் அனுப்புவதை ரிபாய் படிக்கலாம், கடைக்கு வந்து நிற்கிற யாரும் படிக்கலாம். ஃபோனில் பேசலாம் என்றால் பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். எங்கள் மேல்மாடி வீட்டில் வேலை செய்யும் மாரியம்மாளும் இலங்கைதான், உங்கள் பக்கத்துப் பொகவந்தலாவைக்காரர். லீவில் ஊருக்குப் போகிறார். ஹட்டனில் இறங்கி உன் வீட்டைத் தேடி இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வராதே. முன்பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. விமானம் ஏறாதே.

டெய்ராவில் ஒரு ஹோட்டல். மூன்று மாத விசா. கலாசார நடனக் கலைஞர். தங்க இடம், சாப்பாடு, முன்பணம். இடம் எப்படி, கொஞ்சம் விசாரித்துச் சொல்ல ஏலுமா என்று வாய்ஸ் மெசேஜில் கேட்டிருந்தாய். உன் குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம் இருந்தது. மறுபடியும் போட்டுக் கேட்டேன்.

விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. அந்த ஹோட்டலுக்குள் நான் போனதில்லை. ஆனால் அங்கே மாலை கொடுப்பது நாங்கள்தான்.

ரிபாய்க்கு ஃபேன்சி ஸ்டோர் என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. பலூன், பிளாஸ்டிக் பூ, பிறந்தநாள் தோரணம் எல்லாம் இருக்கிறது. கடை ஓடுவது அதனால் இல்லை. டான்ஸ் பார்களுக்குப் போகிற ஜிகினா மாலை, கிரீடம், பெயர் எழுதித் தோளில் குறுக்காகப் போடுகிற சாஷ் பட்டை. அதில்தான் எங்கள் வாடகை, இஃப்பத்தின் ஸ்கூல் ஃபீஸ், காயல்பட்டினத்தில் மாமியின் மருந்து.

மேடையில் பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். பார்க்க வந்தவன் கவுண்டரில் மாலை வாங்கித் தனக்குப் பிடித்தவளுக்கு அனுப்புவான். வெயிட்டர் கொண்டுபோய்ப் போடுவான். அவள் அவன் பக்கம் திரும்பி ஒரு சலாம் வைப்பாள். பாட்டு முடிந்ததும் மாலை கவுண்டருக்குத் திரும்பிவிடும். அதே மாலை அடுத்தவனுக்கு. ஓர் இரவில் ஒரு மாலை எத்தனை கழுத்து ஏறி இறங்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. எவளுக்கு எத்தனை விழுந்தது என்பதை மட்டும் பார்ப்பார்கள். மாதக் கடைசியில் குறைந்தவளுக்கு, குறைவை ஈடுகட்ட மேனேஜர் ஒரு வழி சொல்வார். மேடைக்கு வெளியே உள்ள வழி. இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. நீ படித்தவள். நாம் இரண்டு பேரும் சேர்ந்தே படித்தோம்.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டு செமினார் கட்டுரையைச் சொல்கிறேன். சென்னை ஹாஸ்டலில் ஒரு டேபிள் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினோமே. யோஷிவாரா. பழைய ஜப்பானில் எடோ நகரத்தின் ஓரத்தில், அரசே அனுமதி கொடுத்த பரத்தையர் பகுதி. சுற்றிலும் அகழி. ஒரே வாசல். ஆட்களை விற்பதற்குச் சட்டத்தில் தடை. அதனால் பத்திரத்தில் விற்பனை என்ற சொல் வராது. பணிக்காலம் என்று இருக்கும். பெரும்பாலும் பத்து வருடம். முன்பணம் தகப்பன் கைக்குப் போகும். வாங்குகிறவர் ஒருவர், உழைத்து அடைக்கிறவர் இன்னொருவர் என்று நீ எழுதியிருந்தாய். பேராசிரியர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார்.

உன் முன்பணத்தை மதுசூதனன் அண்ணனுடைய கத்தார் ஏஜெண்டுக்குக் கட்டியாகிவிட்டது என்றாய். அண்ணன் தோஹா போய்விட்டார், நஜ்மாவில் ரூம், எலக்ட்ரீஷியன் வேலை என்றாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். எனக்கு அந்தக் கோடு ஞாபகம் வந்தது.

யோஷிவாராவில் ஒருத்தி உடுக்கிற பட்டு, படுக்கிற மெத்தை, எல்லாம் அவள் கடனில் ஏறும். விழா நாட்களில் கட்டணம் இரட்டிப்பு. அன்று அவளைத் தேடி ஆள் வராவிட்டால் அந்தக் கட்டணமும் அவள் தலையில். இங்கே ஓணம் நைட், தீபாவளி நைட், நியூ இயர் நைட். எங்கள் கடைக்கு அதுதான் சீசன்.

நம் கட்டுரையில் நான் தனியாக எழுதிய ஒரு பகுதி உண்டு. அந்த வாசலை நம்பி யார் யார் சாப்பிட்டார்கள் என்று. தேநீர் விடுதிக்காரர், சமையல் அனுப்புகிறவர், துணி வியாபாரி, சிகை அலங்காரம் செய்கிறவர், பெண்களின் பெயரையும் தரத்தையும் போட்டு ஆண்டுதோறும் கையேடு அச்சடித்தவர். கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தேன். இவ்வளவு காரம் தேவையா என்று நீ கேட்டாய். தேவை என்றேன்.

இப்போது அந்தப் பத்தியில் நானும் இருக்கிறேன்.

இனி உன் பெயர். ஹோட்டலில் மேடைப் பெயர் கொடுத்துவிட்டார்கள், சஞ்சனா, போட்டோவைப் பார்த்ததும் மேனேஜருக்குத் தானாகத் தோன்றியதாம் என்று சொல்லிச் சிரித்தாய். மதுஷா, அந்தப் பெயர் இப்போது என் மடியில் கிடக்கிறது. சிவப்பு சாட்டின் சாஷ், பொன் நிற எழுத்து. அளவு மாற்ற வந்திருக்கிறது. நான் கல்யாணமாகி வந்த பிறகு எனக்குத் தெரிந்து மூன்று சஞ்சனாக்கள். முதலாமவள் நல்ல உயரம். அடுத்தவள் மிகவும் ஒல்லி. மூன்றாமவள் திருப்பூர்ப் பக்கம், கடைக்கு அளவு கொடுக்க வந்தபோது பார்த்திருக்கிறேன். இஃப்பத்துக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். ஆள் மாறும்போது நான் பிரித்துத் தைப்பேன். பெயரைத் தொட மாட்டேன்.

யோஷிவாராவிலும் அப்படித்தானே. தகாவோ என்ற பெயரை ஒரே விடுதியில் ஒருத்திக்குப் பின் ஒருத்தி சுமந்தார்கள். மொத்தம் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. பெயர் விடுதியின் சொத்து. வந்து போனது ஆட்கள்.

இந்த முறை சாஷ் வந்தபோது தோளருகே கத்தரியால் வெட்டியிருந்தது. மாலைகளைக் கொண்டுவருகிற ஹோட்டல் வேன் டிரைவர் நிதினிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை ஊருக்குப் போயாச்சு இத்தா என்றார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, ஊர்தான் என்றார். வெட்டிய இடத்தில் உள்பக்கம் துணி வைத்து ஒட்டினேன். வெளியே தெரியாது.

நேற்று இஃப்பத் அதை எடுத்து மாட்டிக்கொண்டு ஹாலில் நடந்தாள். ஐ ஆம் சஞ்சனா என்றாள். ரிபாய் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார். நான் கழற்றி மடித்து வைத்தேன். எதுவும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் இப்படித்தான். கொதிக்கிற குளூ விரலில் பட்டால்கூடச் சற்றுக் கழித்துத்தான் சூடு தெரிகிறது.

ரிபாயிடம் மெல்ல உன்னைப் பற்றிச் சொன்னேன். என் கூடப் படித்தவள், அந்த ஹோட்டலுக்கு வருவதாக இருக்கிறாள் என்று. அதுக்கென்ன, மேனேஜர் நமக்கு வேண்டிய ஆளுதானே, நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். மிரட்டுவார்கள். அந்த மிரட்டல் ஃபோனில் வருகிற தூரத்திலேயே இருக்கட்டும். நீ அங்கேயே இரு.

உன்னை உன் வீட்டு வாசலுக்குள்ளேயே இறைவன் வைத்திருக்கட்டும்.

உன்
நஜீஹா


அல் குசைஸ்
வியாழன்

மதுஷா,

சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வரவில்லை.

நீ இதைப் படிக்கிறாய் என்றால் சாஷின் உள்மடிப்பில் தாள் சரசரத்ததைக் கவனித்திருக்கிறாய். மேனேஜருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்றாலும் படித்ததும் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடு.

முதல் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை. மாரியம்மாள் ஹட்டன் போய் உன் வீட்டைக் கண்டுபிடித்து அங்கிருந்தே எனக்கு ஃபோன் செய்தார். உன் அம்மா பிளேன்டீ கொடுத்து, மகள் ஞாயிற்றுக்கிழமையே பிளேன் ஏறிட்டா, டிக்கெட் திடீர்னு முந்திக் கிடைச்சது என்று சொன்னாராம். ஏர்போர்ட்டில் எடுத்த படத்தைக் காட்டினாராம். கடுதாசியை அம்மா கையில் கொடுக்கவா என்று மாரியம்மாள் ரகசியமாகக் கேட்டார். கிழித்துவிடச் சொன்னேன். அதில் இருந்தது ஒரே செய்தி. வராதே என்று. இப்போது அதற்கு வேலை இல்லை.

டிக்கெட் ஏன் முந்தியது என்று உனக்குத் தெரிய வேண்டும். ரிபாய் சொன்னபடியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி, என் பொஞ்சாதியோட படிச்சவ, நல்லா பார்த்துக்கணும் பாய் என்று. ஊரிலிருந்து விசிட் விசாவில் வருகிற பையன்களுக்கு வேலை கேட்கும்போதும் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார். மேனேஜர் காதில் அது வேறாக விழுந்தது. கூடப் படித்தவள் என்றால் பேசிக்கொள்வார்கள். பேசினால் வர மாட்டாள். அதற்குள் அழைத்துவிட்டார். நானாக யூகிக்கவில்லை. அவரே பிறகு ரிபாயிடம் வேடிக்கை போலச் சொல்லியிருக்கிறார்.

ரிபாய்க்கு மரியாதையாக உனக்கு முன்வரிசையில் நடு இடம் கொடுத்திருக்கிறார்களாம். ரூமில் ஆள் குறைவாம். மத்தியானம் மீன் ஆணம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே ரிபாய் இதைச் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற முகம். அவர் கெட்டவர் இல்லை மதுஷா. ஐந்து வேளையும் தொழுகிறார். பாரில் என்ன நடக்கிறது என்று நான் கேட்டால், நாம மாலை விக்கிறோம், அதுக்கு மேல நமக்கு மாஃபி, ஒண்ணும் இல்லை என்பார். அவளுக்கென்ன, ஏசி ரூம், மூணு வேளை சாப்பாடு, சோனாப்பூர் லேபர் கேம்ப்ல கிடக்கிற பையன்களைப் பார்த்தா தெரியும் என்றார். நான் ரசம் எடுத்துவர உள்ளே போனேன்.

இப்போது கவனமாகப் படி.

இந்த சாஷ் உனக்குச் சிறியது. ஒரு சாண் அளவுக்குக் குறைத்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்தது. போட்டால் முனைகள் இடுப்பில் சேராது. சேரவில்லை என்று வெயிட்டரிடம் சொல். மேனேஜரிடம் சொல். அளவு சிறியது, கடையில் போய் அளவு கொடுக்க வேண்டும் என்று சொல். புதிதாக வருகிறவர்களை அளவுக்குக் கடைக்கு அனுப்புவது வழக்கம்தான். யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

புதன் மதியம் என்று நான் நேரம் கொடுப்பேன். அன்று ரிபாய் டிராகன் மார்ட்டுக்குச் சரக்கு எடுக்கப் போய்விடுவார். கடை முன்னால் பார்க்கிங் கிடைக்காது. உன்னைக் கூட்டி வரும் டிரைவர் நிதின் வேனில்தான் உட்கார்ந்திருப்பார். பெண்களுக்கு அளவு எடுப்பது உள்ளறையில், நான் மட்டும். அந்த அறைக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. திறந்தால் லிஃப்ட், அதைத் தாண்டினால் பின் தெரு. அங்கே டாக்ஸி நிற்கும். நானும் ஏறுவேன். நேராக இலங்கை கான்சுலேட்டுக்கு. பாஸ்போர்ட் இல்லாமல் போனாலும் பேப்பர் போட்டு ஊருக்கு அனுப்புகிறார்கள், தனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அப்படித்தான் போனாள் என்று மாரியம்மாள் சொன்னார்.

அதற்குப் பிறகு ஹோட்டல் எங்களிடம் மாலை வாங்காது. ஒரு ஹோட்டல் நிறுத்தினால் மற்றவையும் நிறுத்தும். ரிபாய் என்னிடம் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. நீயும் யோசிக்காதே. அது உன் வேலை இல்லை.

நீ செய்ய வேண்டியது ஒரு வாக்கியம் சொல்வதுதான். அளவு சிறியது. திரும்பத் திரும்பச் சொல்.

புதன்கிழமை உன்னைப் பார்க்க வேண்டும்.

நஜீஹா


அல் குசைஸ்
வெள்ளி

அன்புள்ள மதுஷா,

மாலைகளைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தபோது சாஷும் கூட வந்தது. நிதின் கொடுத்தார். புது சஞ்சனா நல்ல பிள்ளை இத்தா, தொந்தரவே இல்லை என்றார். அளவு கொஞ்சம் குறைவுதான், அதுக்காகக் கடைக்குப் போக வேண்டாம், நான் பின் குத்திக்கிறேன் என்று சொன்னாயாம். மேனேஜருக்கு ஒரு ட்ரிப் மிச்சம் என்று அவருக்கும் சந்தோஷம்.

புதன் மதியம் டாக்ஸி வந்து பின் தெருவில் நின்றது. டிரைவர் ஒரு பட்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேஹன், சவாரி உண்டா இல்லையா என்றார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்து கிரீடங்களுக்குக் கல் ஒட்டினேன்.

உனக்குத் தாள் கிடைத்ததா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. மடிப்பைப் பார்த்தேன். நான் சிவப்பு நூலில் தைத்தது. இப்போது கறுப்பு நூல், நெருக்கமான சின்னத் தையல். உள்ளே எதுவும் இல்லை. படித்திருக்கிறாய். படித்து, எடுத்துவிட்டு, திரும்பத் தைத்து அனுப்பியிருக்கிறாய்.

ஏன் என்று கேட்கப்போவதில்லை. செமினார் அன்று பின்பெஞ்சில் ஒருவன் எழுந்து, அந்தப் பெண்கள் ஏன் ஓடிப்போகவில்லை என்று கேட்டான். கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டான். நான் அகழியைச் சொன்னேன், வாசல் காவலைச் சொன்னேன். விரிவாகச் சொன்னேன். நீ மைக்கை வாங்கி, இவள் ஓடினால் அவர்கள் ஊரில் ஜாமீன் போட்டவனிடம் போவார்கள் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாய். உன் பதில்தான் சரி. எனக்கு இன்றைக்குத்தான் முழுதாகப் புரிகிறது. உன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து அண்ணனுடையதாகத்தான் இருக்கும். அவர் வேலையில் சேர்ந்து எத்தனை நாள் ஆகிறது. ஹட்டனில் அம்மா தனியாக.

மூன்று மாதம்தானே என்று நீ நினைக்கலாம். உனக்கு முன்னால் இருந்தவர்களும் மூன்று மாதம்தான் நினைத்தார்கள். முடிகிற நேரத்தில் விசாவைப் புதுப்பிப்பார்கள். அந்தச் செலவும் உன் கணக்கில் ஏறும். அடுத்து தீபாவளி வருகிறது. கடையில் மாலை ஆர்டர் வந்துவிட்டது. இஃப்பத் தரையில் உட்கார்ந்து ஜிகினாவை நிறம் நிறமாகப் பிரிக்கிறாள். ரிபாய் அவளுக்கு குட் கேர்ள் சொல்கிறார். நான் வெட்டுகிறேன், ஒட்டுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். தூக்கம் நன்றாகவே வருகிறது.

அளவு திருத்தி அனுப்பச் சொல்லி மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. திருத்தவில்லை. இன்னும் இரண்டு விரல் குறைத்து, இந்தத் தாளையும் அதே மடிப்பில் வைத்துத் தைக்கிறேன். அடுத்த வாரம் வந்தால் இன்னும் குறைப்பேன். உன் கை கெட்டுப்போச்சு நஜீ, முன்ன மாதிரி இல்லை, நைஃப் பஜார்ல வேற டெய்லரைப் பார்க்கவா என்று ரிபாய் கேட்டார். பாருங்கள் என்றேன். ஆள் கிடைக்கும்வரை நான்தான் தைக்க வேண்டும்.

நீ பின் குத்திக்கொள். குத்த முடிகிறவரை குத்திக்கொள். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு கட்டத்தில் இரண்டு முனைக்கும் நடுவில் எந்தப் பின்னும் எட்டாது. அன்றைக்கு நீ வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, யாருக்கும் துரோகம் செய்ய வேண்டியதில்லை. அளவு எடுக்க அவர்களே உன்னை அழைத்து வருவார்கள்.

அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு. காலுக்குச் சுடுதண்ணீர் ஒற்றடம் கொடு. பின்னைக் குத்தும்போது தோலில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

புதன் மதியங்களில் நான் உள்ளறையில்தான் இருப்பேன். பின்கதவுக்குப் பூட்டுப் போடுவதில்லை.

உன்
நஜீஹா